நொண்டும் நாயும் நியூட்டன் விதியும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போனால் ஏலக் கூச்சலுக்கு நடுவே ஓடித் திரியும் தெரு நாய்களைப் பார்க்கலாம். அவற்றில் இடுப்பு வலியால் நொண்டுபவை குறைவு. ஆனால் ராயபுரத்து மாடி வீட்டில், வழுக்கும் டைல்ஸ் தரையில், பிஸ்கட் தின்று வளரும் லாப்ரடாரைப் பாருங்கள். ஐந்தாறு வயதிலேயே படியேறத் தயங்கும். என் மாணவன் ஒருவன், திருவொற்றியூர்க்காரன், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் வந்து, "சார், எங்க நாய்க்கு ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டான். பௌதிக ஆசிரியனிடம் கேட்கிற கேள்வியா என்று நினைக்காதீர்கள். விடையில் பாதி பௌதிகம்தான்.

தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் கிண்ணத்தில் பொருந்திச் சுழல்கிறது. இரண்டின் மேலும் குருத்தெலும்புப் பூச்சு உண்டு. இதன் உராய்வு, பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு! லாப்ரடார், அல்சேஷன் போன்ற இனங்களில் சில நாய்களுக்குப் பரம்பரையாகவே கிண்ணம் ஆழமின்றி அமைந்துவிடுகிறது. உருண்டை தளர்ந்து ஆடுகிறது; பாரம் முழுவதும் ஒரு சிறு பரப்பில் விழுகிறது. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். பூச்சு தேய்கிறது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே தேய்ந்தது எளிதில் வளராது.

இங்கேதான் ஸ்டெம் செல் வருகிறது. தமிழில் குருத்தணு என்கிறோம். நாயை மயக்கி, தோலுக்கடியிலிருந்து சிறிது கொழுப்பை எடுத்து, என்ஸைம் கலந்து கரைத்து, மைய விலக்கு எந்திரத்தில் சுழற்றுகிறார்கள். பாலிலிருந்து வெண்ணெயைப் பிரிக்கும் அதே தத்துவம். இங்கே நமக்கு வேண்டியது அடியில் தங்கும் உயிரணுக்கள். அவற்றை மூட்டுக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஒரு சோதனையில், இடுப்பு மூட்டு தேய்ந்த 21 நாய்களில் சிலவற்றுக்கு உயிரணுவும் மற்றவற்றுக்கு வெறும் உப்பு நீரும் தரப்பட்டன. எது எதற்கு என்பது மதிப்பிட்ட டாக்டருக்கும் தெரியாது, வளர்ப்பவருக்கும் தெரியாது. உயிரணு பெற்றவை நன்றாக நடந்தன.

அப்படியானால் புதுக் குருத்தெலும்பு முளைத்ததா? அதுதான் இல்லை. இவ்வணுக்களுக்கு 1991-ல் 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்த ஆர்னால்ட் கேப்ளானே, 2017-ல் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதினார்! இவை பெரும்பாலும் தாமே குருத்தெலும்பாக மாறுவதில்லை. வேதிப் பொருள்களைச் சுரந்து வீக்கத்தைத் தணிக்கின்றன என்பது அவர் கருத்து. கொத்தனார் என்று நினைத்து அழைத்தவர் மேஸ்திரியாக நின்று உத்தரவு மட்டும் போடுகிறார்!

சரி, நாய் தேறிவிட்டது என்று எப்படிச் சொல்வது? வாய் திறந்து சொல்லாதே. கண்ணால் பார்த்தால் போதாதா? போதாது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் மருந்தே இல்லாத போலிச் சிகிச்சை பெற்ற 58 நாய்களைக் கவனித்தார்கள். பத்தில் ஏறக்குறைய நான்கு முறை வளர்ப்பவர்கள் ஏமாந்து, இல்லாத குணத்தைக் கண்டார்கள். டாக்டர்களும் தப்பவில்லை! அன்பு வைத்த கண் ஏமாறும்.

ஏமாறாதது விசைத் தட்டு. நாய் அதை மிதித்து ஓடும்போது பாதம் தரையை அழுத்துகிறது. தரை அதே விசையோடு பாதத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! வலிக்கும் காலில் இந்த விசை குறையும். 2014-ல் ஸ்பானிய ஆய்வாளர்கள் இதைக் கொண்டு அளந்தார்கள். ஊசி போட்ட முதல் மூன்று மாதங்கள் விசை கூடியிருந்தது. பிறகு படிப்படியாகப் பழைய அளவுக்கே இறங்கிற்று. ஆக, பலன் உண்டு, நிலைப்பதில்லை.

செலவைக் கேட்டுவிட்டு வந்திருந்த மாணவனின் முகம் வாடிற்று. அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். நான் அவனுக்கு இன்னொரு ஆய்வைச் சொன்னேன். 2002-ல் வெளியானது. 48 லாப்ரடார்களில் பாதிக்கு வாழ்நாள் முழுவதும் 25 விழுக்காடு குறைவாகத் தீனி போட்டார்கள். அவற்றுக்கு மூட்டு நோய் தாமதமாகவே வந்தது. நடு ஆயுளும் 11.2 ஆண்டிலிருந்து 13 ஆண்டாயிற்று.

பிறகு ஒரு சோதனை செய்யச் சொன்னேன். நாய் நிற்கும்போது எடையில் சுமார் 60 விழுக்காடு முன்னங்கால்களிலும் மீதி பின்னங்கால்களிலும் இறங்கும். இரண்டு எடை பார்க்கும் கருவிகளை அருகருகே வைத்து, பின்னங்கால் ஒவ்வொன்றையும் ஒன்றின் மேல் நிறுத்தவேண்டும். முன்னங்கால்களுக்கு அதே உயரத்தில் பலகை போடவேண்டும்; இல்லாவிட்டால் கணக்குத் தவறும். நாய் அசையும், ஆகவே பத்து முறை எடுத்துச் சராசரி காணவேண்டும்.

34 கிலோ நாய்க்கு வலது பின்னங்காலில் 7 கிலோ, இடதில் 4½ கிலோ காட்டிற்று. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது கிண்ணம் ஆழமில்லை. டாக்டர் தீனியைக் குறைக்கச் சொன்னார். வழுக்கும் தரையில் கோணிச் சாக்கு விரிக்கச் சொன்னார். மூன்று மாதத்துக்குப் பின் நாயின் எடை 30 கிலோ. வலது 6, இடது 5.

ஊசியைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எடை எடுத்து வரைபடத்தாளில் புள்ளி வைத்து வருகிறான். போன வாரப் புள்ளி கொஞ்சம் இறங்கியிருந்தது. நாய் அசைந்ததா, வலி கூடியதா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.