பழைய பார்ட்ஸ் எங்கே பாஸ்?

'1998 செவ்ரோலே கமாரோ இசட்-28. ஆறு கியர் மேனுவல். கேம்ஷாஃப்ட், சைலன்ஸர் எல்லாம் மாத்தியாச்சு. 400 குதிரைத்திறன். செலவழிச்சதுல பாதி விலைக்குத் தர்றேன்!'

அமெரிக்காவில் பழைய கார் விற்பவர்கள் கொடுக்கும் விளம்பரம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். படிச்சதும் ஜிவ்வுனு ஏறுதுல்ல? வெயிட் பண்ணுங்க... ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அர்த்தம் இருக்கு!

முதல்ல காரைப் பார்ப்போம். கமாரோவின் நாலாவது தலைமுறை 1993 முதல் 2002 வரை வந்தது. தயாரானது கனடாவின் கியூபெக் மாகாணத்தில். ஆனா ரத்தம் பக்கா அமெரிக்கன்! 1998 மாடலில் எல்.எஸ்-1 என்ற அலுமினிய வி-8 இன்ஜின் வந்ததும் ஆட்டமே மாறிப்போச்சு. 5.7 லிட்டர்! நம்ம மாருதி 800 இன்ஜின் ஏழைச் சேர்த்தால் வரும் கொள்ளளவு. கம்பெனி சொன்ன கணக்கு 305 குதிரைத்திறன்.

அதுவே போதாதா? பசங்களுக்குப் போதாது! இந்த இன்ஜினில் இருப்பது ஒரே ஒரு கேம்ஷாஃப்ட். அதை மாற்றினால் 16 வால்வுகளும் திறந்து மூடுகிற நேரமே மாறிவிடும். வால்வு அதிக நேரம் திறந்திருந்தால், வேகமாகச் சுற்றும்போது இன்ஜின் நல்லா மூச்சு விடும். பவர் எகிறும். ஆனா சிக்னலில் நிற்கும்போது எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே புகையோடு வெளியே போகும். வண்டி தடதடன்னு ஆடும். ரசிகர்களுக்கு அது சங்கீதம். புகை டெஸ்ட் எடுக்கிறவருக்கு?

அங்கதான் சிக்கல். கலிபோர்னியாவில் இந்த வயசுக் காருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை கட்டாயம். விற்கும்போது அந்தச் சான்றிதழைக் கொடுக்க வேண்டியது விற்பவர் பொறுப்பு. புகையை மட்டுமல்ல, பானெட்டைத் திறந்தும் பார்ப்பார்கள். புகையைப் பாதிக்கிற பார்ட்டை மாற்றியிருந்தால், அதற்கு மாநிலக் காற்று வாரியம் கொடுத்த அனுமதி எண் வேணும். இல்லைன்னா ஃபெயில்! கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிப் போடுவதோ அமெரிக்கா முழுக்கவே சட்டவிரோதம்.

அடுத்து, அந்த 400. எங்கே அளந்தது? கம்பெனி சொன்ன 305 இன்ஜினில் அளந்தது. டைனோ மெஷினில் அளப்பது சக்கரத்தில். நடுவில் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் சுமார் 15 சதவிகிதத்தை முழுங்கிடும். சக்கரத்தில் 400 என்றால் இன்ஜினில் ஏறக்குறைய 470! அதனால டைனோ ஷீட்டைக் கேட்காம தலையாட்டக் கூடாது. பின் ஆக்ஸிலை மாத்தியிருக்காங்களான்னும் கேட்கணும். கம்பெனி போட்ட ஆக்ஸில் இந்தக் காரின் வீக் பாயின்ட். பவரைக் கூட்டிட்டு அதை அப்படியே விட்டிருந்தால், அடுத்த செலவு வாங்குகிறவர் தலையில்தான்.

சரி, 'செலவழிச்சதுல பாதி' நியாயமா? விற்கிற பையனைப் பார்த்தால் பாவமா இருக்கும். மாசக்கணக்கில் சம்பளத்தைக் கொட்டியிருப்பார். ஆனா வாங்குகிறவருக்கு அது யாரோ ஒருத்தரின் ரசனை, யாரோ ஒருத்தர் ஸ்பேனர் பிடிச்ச இன்ஜின். யார் ஃபிட் பண்ணினது, பில் இருக்கா, கம்ப்யூட்டர் ட்யூனிங் செய்தது யார்... எதுவும் தெரியாம யார் காசு கொடுப்பா? இந்தக் காரை நிறைய பேர் நோண்டிவிட்டதால், கை வைக்காத கமாரோவைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். அதனால அதுக்குத்தான் மவுசு!

ஆக, இந்த மாதிரி விளம்பரத்தில் தங்கமான வரி 400 குதிரைத்திறன் இல்லை. 'கழற்றிய ஒரிஜினல் பார்ட்ஸும் கூடவே தரப்படும்' என்பதுதான்! அது இருந்தால் பழையபடி மாட்டி, ட்யூனிங்கையும் பழையபடி மாற்றி, டெஸ்ட்டில் பாஸாகலாம். இல்லைன்னா, 2002-லேயே நின்றுபோன மாடலுக்குப் பார்ட்ஸ் தேடி அலையணும்.

காரை மாத்துகிறவங்களுக்கும் இதே அட்வைஸ்தான். ஆசை தீர மாத்துங்க... கழற்றினதை மட்டும் காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க!