ஒரு மனிதரின் பெயர் வினைச்சொல்லான கதை

ஒரு செயலை முதலிற் செய்தவனின் பெயரால் அச்செயலை வழங்குதல் பல மொழிகளிலும் உண்டு. ஆயின், 'பொய்கொட்' என்னும் ஆங்கில வினைச்சொல் அவ்வாறு பிறந்ததன்று. அது அச்செயலுக்கு இலக்கானவரின் பெயராகும். ஒருவரோடு கொடுக்கல் வாங்கல், பேச்சு, உறவு ஆகிய யாவற்றையும் பலர் கூடி நிறுத்திவிடுதலே அதன் பொருள்.

சார்ள்ஸ் பொய்கொட் என்பவர் இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் 1832 இற் பிறந்து, சிலகாலம் படையிற் பணிபுரிந்தவர். பின்னர் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், ஏர்ண் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தார். 1879 இல் விளைவு பொய்த்தது. மறு ஆண்டிலே குடியானவர்கள் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கும்படி வேண்டினர். பிரபு 10 மட்டுமே குறைக்க இசைந்தார். செலுத்தாதோரை நிலத்தினின்றும் வெளியேற்றப் பொய்கொட் முற்பட்டார். நிலத்தை இழந்த குடும்பத்துக்குத் தெருவன்றி வேறு புகலிடம் இருக்கவில்லை.

அவ்வேளையில் ஐரிஷ் தலைவர் பார்னெல், 1880 செப்டெம்பர் 19 இல் எனிஸ் நகரிற் பேசினார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை வேறொருவன் எடுத்தால் அவனை யாது செய்வது என்று அவர் வினவினார். சுட்டுவிடுக என்றது கூட்டத்தில் ஒரு குரல். அதனினும் சிறந்த வழியுண்டு. அவனை முற்றாகத் தனிமைப்படுத்துக என்றார் பார்னெல்.

மேயோ மக்கள் அவ்வழியை முகவர்மேற் செலுத்தினர். வேலையாட்கள் விலகினர், கடைக்காரர் பண்டம் விற்க மறுத்தனர், கடிதமும் ஒழுங்காக வந்து சேரவில்லை. விளைந்த பயிரை அறுப்பாரில்லை. ஈற்றில் வேறு மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 50 பேர் வந்து அறுவடை செய்தனர். அவர்களைக் காக்க ஆயிரம் வரையிலான படையினரும் பொலிசாரும் நின்றனர். ஏறத்தாழ 500 பவுண் பெறுமதியான விளைவைக் காக்க 10,000 பவுண் செலவாயிற்றென மதிப்பிடப்பட்டது. டிசெம்பரில் பொய்கொட் அயர்லாந்தை விட்டகன்றார்.

இச்செயலுக்குப் பெயர் தேடியவர் ரெட்பாத் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர். கடினமான சொற்கள் குடியானவருக்கு விளங்கா என்று எண்ணி, முகவரின் பெயரையே வினையாக்கலாம் என ஓமலி என்னும் பாதிரியார் கூறினார் என்பது ரெட்பாத் தரும் வரலாறு. சில கிழமைகளுள் அச்சொல் பத்திரிகைகளிற் பரவியது. விரைவிலே பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளிலும் புகுந்தது.

தமிழில் இதற்கு வழங்கும் பகிஷ்காரம் என்னும் வடசொல், 'புறத்தே ஆக்குதல்' எனப் பொருள்படும். 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பினால் வடபகுதியின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்பாளராக நிற்கவில்லை. அரசாங்க சபையில் அவ்விடங்கள் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன. புறத்தே ஆக்க முனைந்தவர்களே அங்கே புறத்தே நின்றனர்.

இவ்வாயுதம் குருதி சிந்துவதில்லை, ஆயினும் கூர்மையற்றதன்று. அதனை எடுப்போர், அது எவர்மேற் படும் என்பதை முன்னரே எண்ணுதல் வேண்டும்.