முகம் தெரிந்தால் மலை தெரியவில்லை

தாம்பரத்தில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அதன் பெரிய ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் வெள்ளைச் சுவரும், அதற்கும் அப்பால் சானடோரியம் பக்கத்துப் பச்சைமலையும் தெரியும். முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய பெரியவர் ஒருவர் சென்ற ஏப்ரலில் ஓய்வு பெற்றார். எந்த ஸ்பெக்ட்ராமீட்டருக்கு எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். விடைபெறும் நாளன்று, உச்சி வெயில் நேரத்தில், அவரை அந்த ஜன்னலோரம் நிறுத்தித் துறையின் பழைய டிஜிட்டல் காமிராவால் ஒரு படம் எடுத்தேன். ஒன்றே ஒன்று.

மாலையில் கணிப்பொறித் திரையில் பார்த்தால், வெள்ளைச் சுவரின் விரிசல் கூடத் தெளிவாக விழுந்திருந்தது. பச்சைமலையின் பாறைகள் தெரிந்தன. பெரியவர் நின்ற இடத்தில் ஒரு கரிய உருவம் மட்டுமே இருந்தது. அவர் சிரித்துவிட்டார். "என்ன சார், ரிட்டயர் ஆகிறது நானா, அந்தச் சுவரா?"

பௌதிகம் போதிக்கிற எனக்கு இது வெட்கமாகத்தான் இருந்தது. அவரை நான் நேரில் பார்த்தபோது முகமும் தெரிந்தது, மலையும் தெரிந்தது. காமிராவுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

மாணவர்களே, இதற்கு விடை காண ஒரு சிறு கணக்குப் போடுவோம். நண்பகல் வெயிலில் வெளிச்சத்தின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அறைக்குள் 200 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இதுவே 500 மடங்கு வேறுபாடு. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது; முகம் 20 விழுக்காட்டையே அனுப்புகிறது என்று கொண்டால், இதில் ஒரு 4 மடங்கு. ஆக, சுவரிலிருந்து காமிராவுக்கு வரும் ஒளி, முகத்திலிருந்து வருவதைப்போல் 2000 மடங்கு!

காமிராவுக்குள் இருக்கும் உணர்சில்லில் பல லட்சம் நுண்ணிய ஒளிக்கிண்ணங்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒளித்துகளான ஃபோட்டான் வந்து மோதினால் ஓர் எலெக்ட்ரான் விடுபட்டுக் கிண்ணத்தில் சேருகிறது. சிறிய காமிராக்களில் ஒரு கிண்ணம் சில ஆயிரம் எலெக்ட்ரான்களையே கொள்ளும். 8000 என்று கொள்வோம். சுவரைப் படம் பிடிக்கும் கிண்ணம் சரியாக 8000 எலெக்ட்ரான்களால் நிரம்பும்போது முகத்துக்குரிய கிண்ணத்தில் எத்தனை இருக்கும்? வெறும் 4!

"நாலு இருக்கிறதே, கணிப்பொறியில் அதை 256 மடங்காகப் பெருக்கிவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்றிரவு அதைத்தான் செய்து பார்த்தேன். முகம் வந்தது, ஆனால் அம்மை போட்டதுபோல் வந்தது. காரணம், ஃபோட்டான்கள் எண்ணி வைத்தாற்போல் வருவதில்லை. மழையில் அருகருகே இரண்டு டம்ளர்களை வைத்தால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் துளிகள் விழுவதில்லை அல்லவா? சராசரியாக 100 விழவேண்டிய இடத்தில் 10 கூடும், 10 குறையும். பொதுவாக, எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு தடுமாற்றம். 10,000-க்கு 100 என்றால் அது ஒரே விழுக்காடு. ஆனால் 4-க்குத் தடுமாற்றம் 2, அதாவது பாதிக்குப் பாதி! பெருக்கும்போது முகத்தோடு சேர்ந்து இந்தத் தடுமாற்றமும் பெருகிவிடுகிறது. விழாத ஒளியை எந்தக் கணிப்பொறியாலும் கொண்டுவர முடியாது.

நம் கண் இந்த வேலையை எப்படிச் செய்கிறது? அது ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. மலையைப் பார்க்கும்போது ஒருவிதமாகவும், முகத்துக்குத் திரும்பும்போது வேறுவிதமாகவும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இரண்டையும் ஒரே காட்சியாக்குவது மூளை.

இந்தத் தொல்லை டிஜிட்டல் காமிராவோடு வந்ததன்று. 1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அக்காலத்து நெகடிவ்கள் நீல ஒளியில் அளவுக்கு மீறிப் பதிவாகும். பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய அறியாதவை. கோபுரத்துக்குப் போதிய நேரம் கொடுத்தால் வானம் வெளுத்து வெறுமையாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவ்வின் மேல் வண்ணம் தீட்டி, மேகங்களைக் கையாலேயே வரைந்து சேர்த்தார்! ஏறத்தாழ அதே காலத்தில், 1857-இல், பிரான்சில் கஸ்தாவ் லெ கிரே என்பவர் கடல் அலைக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு இன்னொரு நெகடிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். டிரைப்பின் மேகங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆயினும் என் வாக்கு லெ கிரேக்கே. அவர் வானத்தில் இருந்தது ஒளி வரைந்தது.

ஓய்வூதியத் தாள்கள் விஷயமாகப் பெரியவர் அடுத்த மாதம் கல்லூரிக்கு வந்தபோது நான் லெ கிரேயின் வழியைப் பின்பற்றினேன். காமிராவை ஆய்வக ஸ்டாண்டின் கிளாம்ப்பில் இறுக்கி மாட்டினேன். துளையின் அளவை மாற்றாமல், ஒளிபடும் நேரத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள்: 1/2000 நொடி, 1/125 நொடி, 1/8 நொடி. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ 16 மடங்கு நேரம். முதல் படத்தில் சுவர் 8000, முகம் 4. மூன்றாம் படத்தில் முகம் 4 × 256 = 1024; தடுமாற்றம் 32, அதாவது 3 விழுக்காடே. சுவரும் மலையும் அதில் நிரம்பி வழிந்து வெறும் வெள்ளையாகிவிட்டன. நடுப்படம் ஜன்னல் கம்பிகளுக்கும் மேசைக்கும் பொருத்தமாக அமைந்தது.

ஆய்வகத்தில் சிறிய மின்னோட்டத்துக்கு மில்லிஅம்மீட்டரையும் பெரியதற்கு அம்மீட்டரையும் பயன்படுத்துகிறீர்களே, அதே முறைதான். நிரம்பி வழிந்த கிண்ணத்தையும் நம்பக்கூடாது; நாலு சொட்டு மட்டும் உள்ள கிண்ணத்தையும் நம்பக்கூடாது. ஒவ்வோர் இடத்துக்கும் எந்தப் படம் நம்பத்தக்கதோ அதற்கு அதிக மதிப்புக் கொடுத்து, எண்களை அதனதன் ஒளிபடு நேரத்தால் வகுத்தால், எல்லாம் ஒரே அளவுகோலுக்கு வந்துவிடும். கத்தரித்து ஒட்டினால் கோடு தெரியும் என்பதால், மதிப்பைப் படிப்படியாக ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு மாற்றிக்கொண்டு போகவேண்டும்.

ஆனால் காமிரா தரும் எண்கள் ஒளிக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. இதற்கு 1997-இல் நல்ல வழி காட்டியவர்கள் பால் டெபெவெக் என்பவரும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஜிதேந்திர மாலிக்கும். ஒரே காட்சியைப் பல நேர அளவுகளில் எடுத்த படங்களிலிருந்தே அந்தக் காமிராவின் குணத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். ஒரு தேவாலயத்தின் உட்புறத்தை 30 நொடியிலிருந்து 1/1000 நொடி வரை, ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்து, 16 படங்கள் எடுத்தார்கள். 30-ஐ 15 முறை பாதியாக்கிப் பாருங்கள், கணக்குச் சரியாக வருகிறதா என்று!

இன்னொரு சங்கடமும் உண்டு. 2000 மடங்கு வேறுபாட்டை அளந்துவிட்டோம். அச்சுத்தாளிலோ வெள்ளைக்கும் கருப்புக்கும் சுமார் 100 மடங்குதான் வேறுபாடு. ஆகவே மடக்கை போன்ற ஒரு சார்பைக் கொண்டு எல்லாவற்றையும் சுருக்கவேண்டும். இந்த இடத்தில் நிதானம் தேவை. அளவு மீறினால் மலையைச் சுற்றி ஒளிவட்டம் வரும், வானம் மயில்கழுத்து நிறமாகும். அப்படிப்பட்ட படங்களை நாட்காட்டிகளில் நிறையப் பார்க்கிறோம்.

இன்றைய செல்பேசிகள் இதைக் கேளாமலே செய்கின்றன. 2013-இல் நெக்ஸஸ் 5 பேசியில் கூகிள் கொண்டுவந்த முறை சற்று வேறுபட்டது. நீண்ட நேரப் படமே வேண்டாம். குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்து, கை நடுக்கத்துக்கு ஏற்ப நகர்த்திக் கூட்டிவிடலாம். நம் கணக்கில் 16 படங்களைக் கூட்டினால் முகத்துக்கு 64 எலெக்ட்ரான், தடுமாற்றம் 8. அது 1/125 நொடிப் படத்துக்கு ஏறக்குறைய ஈடு.

என் படத்துக்கு வருவோம். மூன்றையும் கலந்து பார்த்தபோது பச்சைமலை இருந்தது, முகம் இருந்தது, பெரியவருக்கு மூன்று கைகளும் இருந்தன! இரண்டாம் படத்தில் மேசைமேல் இருந்த வலக்கையை, மூன்றாம் படத்துக்குள் எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்திருக்கிறார். நிற்கும் பொருள்களுக்குத்தான் நம் கணக்கெல்லாம். வேறு வழியின்றி, அந்தக் கை வரும் இடத்தில் மட்டும் கலப்பை நிறுத்தி, இரண்டாம் படத்தையே அப்படியே வைத்தேன்.

சட்டம் போட்டுக் கொடுத்தேன். "இப்ப மலையும் இருக்கு, நானும் இருக்கேன் சார்" என்றார். உற்றுப் பார்த்தால் மேசைமேல் இருக்கும் அந்தக் கை மட்டும் மணல் தூவியது போலிருக்கும். 64 எலெக்ட்ரான், 8 தடுமாற்றம்.