மடி மட்டும் போதாது

காரில் செல்லும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு பெல்ட் கட்டாயம் என்கிறது சட்டம். பெங்களூர்ச் சாலைகளில் அந்தச் சட்டம் ஏட்டோடு நிற்கிறது.

2025 செப்டம்பர். பெங்களூர் ஜி.கே.வி.கே. வளாகத்தை ஒட்டிய சாலை. ஓடும் காரின் சன்ரூஃப் வழியே தலையை வெளியே நீட்டி, காற்று வாங்கியபடி நிற்கிறான் ஒரு சிறுவன். உயரமான வண்டிகள் நுழையாமலிருக்கச் சாலையின் குறுக்கே போடப்பட்டிருந்தது ஓர் இரும்புச் சட்டம். கார் அதன் அடியில் சுலபமாகப் புகுந்துவிட்டது. சிறுவனின் தலை இரும்பில் மோதியது. பின்னால் வந்த வண்டியிலிருந்து பதிவான அந்தச் சில நொடிக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. போலீஸ் வழக்குப் பதிவு செய்தது.

பார்த்தவர்கள் பெற்றோரைத் திட்டித் தீர்த்தார்கள். நியாயம்தான். ஆனால் திட்டியவர்களில் எத்தனை பேர் தங்கள் குழந்தையைக் காரில் பெல்ட் மாட்டி உட்கார வைக்கிறார்கள்? சன்ரூஃபில் நிற்கும் குழந்தை கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. அம்மா மடியில் தூங்கிக்கொண்டு போகும் குழந்தை கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒரே குற்றம்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்யப்பட்ட திருத்தம், 194-பி என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டாலோ, குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்ட சைல்டு சீட்டாலோ பிணைக்காமல் காரை ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளி.

கர்நாடகத்தில் இந்தப் பிரிவின் மீது கவனம் திரும்பியதற்கு வெளிமாநில விபத்து ஒன்று காரணம். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அந்தக் காரின் முன் சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பெல்ட் அணியாமல் பின் சீட்டில் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. அடுத்த மாதமே, பின் சீட்டுக்காரர்களும் பெல்ட் அணிய வேண்டும், தவறினால் அபராதம் என்று கர்நாடக போலீஸ் கண்டிப்பாக அறிவித்தது. அறிவிப்பு சில வாரம் பேச்சாக இருந்தது. பின்னர் முன் சீட் பெல்ட் மட்டும் பழக்கமாக நிலைத்தது. கண்ணாடி வழியே முன் சீட்டைப் பார்ப்பது போலீசுக்கும் கேமராவுக்கும் எளிது. பின் சீட்டில் யார் மடியில் யார் என்பது எளிதில் தெரியாது.

மடி என்ற சொல்லோடு நமக்கு இருக்கும் உறவும் லேசானதல்ல. மொட்டை போடுவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில். காய்ச்சல் வந்தால் பாட்டி மடி. அழும் குழந்தைக்கு அம்மா மடி. அதைவிடப் பத்திரமான இடம் உலகில் உண்டா என்று கேட்டே பழகிவிட்டோம். வீட்டில் அது உண்மை. ஓடும் காரில் அது உண்மையல்ல.

கணக்கு எளிதானது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே இருப்பவர்களுக்கு அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த வேகம் பத்தில் ஒரு நொடியில் அடங்குவதாக வைத்துக்கொண்டாலும், 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 140 கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. பாசம் குறைவு என்பதால் அல்ல. மனிதக் கையின் பலம் அவ்வளவுதான். தாயும் பெல்ட் அணியவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். முன்னால் குழந்தை, அதன் மேல் தாயின் முழு எடை. ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்து மாட்டுவதிலும் இதே ஆபத்துதான்.

பெங்களூரில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. சில்க் போர்டு சந்திப்பில் கார் நகர்வதே இல்லை, இதில் பெல்ட் எதற்கு? நகரத்துக்குள் வண்டிகள் ஊர்வது உண்மைதான். ஆனால் அதே கார் சனிக்கிழமை காலை மைசூர் விரைவுச் சாலையில் ஏறுகிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட, 118 கி.மீ. நீளச் சாலை அது. அங்கே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நேரும் மோதல், 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கெங்கேரி நெரிசலில் மடியில் ஏறிய குழந்தை, சாலை விரிந்த பிறகு தானாக இறங்கிச் சீட்டில் உட்காராது. பழக்கம் என்பது நகரத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று என்று இருப்பதில்லை.

முன் சீட் மடியில் இன்னோர் ஆபத்தும் காத்திருக்கிறது. 2022 தொடக்கத்திலிருந்து தயாராகும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநருக்கும் அருகில் இருப்பவருக்கும் ஏர்பேக் கட்டாயம். பெல்ட் அணிந்து உட்கார்ந்திருக்கும் பெரியவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது அது. மோதலின்போது கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். மடியில் இருக்கும் குழந்தையின் முகத்துக்கும் ஏர்பேக்குக்கும் இடையே இடைவெளியே இராது. 2024-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், முன் சீட்டில் தாயின் மடியில் இருந்த 2 வயதுக் குழந்தை, ஏர்பேக் விரிந்ததில் உயிரிழந்தது. தாயைக் காக்க வந்த கருவி குழந்தையைக் கொன்றது.

அப்படியானால் பின் சீட்டில் உட்கார வைத்துப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டால் போதுமா? சட்டப்படி போதும். உடலுக்குப் போதாது. நம் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். பெல்ட் ‘அல்லது’ சைல்டு சீட் என்று சொன்ன சட்டம், எந்த வயதுக்கு எது என்று சொல்லவில்லை. பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மீதும் மேல்பட்டை தோள் எலும்பின் மீதும் படிய வேண்டும். 3 வயதுக் குழந்தைக்கு அது வயிற்றிலும் கழுத்திலும் படியும். மோதலில் எலும்பு தாங்க வேண்டிய வேகத்தைக் குடலும் கழுத்தும் தாங்க நேரும். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை சைல்டு சீட் தேவை. ஜெர்மனியில் உயர வரம்பு 150 செ.மீ.

இந்த ஓட்டையை அடைக்கக் கேரளம் முயன்றது. 4 வயது வரை சைல்டு சீட், அதற்கு மேல் 14 வயது வரை 135 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட், டிசம்பர் முதல் அபராதம் என்று 2024 அக்டோபரில் அந்த மாநிலப் போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். எதிர்ப்பு எழுந்தது. அபராதம் இல்லை, விழிப்புணர்வு போதும் என்று போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார் சில நாட்களிலேயே முடித்துவைத்தார். கர்நாடகமோ தமிழகமோ அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை.

மடியோடு மல்லுக்கட்டிய முதல் சமூகம் நம்முடையதல்ல. அமெரிக்காவில் சைல்டு சீட்டைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் டென்னசி. 1978-ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். சட்டம் நிறைவேறியபோது ஒரு விலக்கு நுழைந்தது: பெரியவர் கையில் குழந்தை இருந்தால் போதும். அந்த விலக்கு குழந்தைகளை நசுக்கும் என்று சாண்டர்ஸ் விடாமல் எதிர்த்தார். 1981-ல் அது நீக்கப்பட்டது. 1985-க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் சைல்டு சீட் சட்டம் வந்துவிட்டது. சைல்டு சீட்டால் கைக்குழந்தைகளின் மரணத்தை 71 சதவீதம் வரை குறைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் நாட்டில் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களும் ஏராளம். பெங்களூரில் பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவது இரு சக்கர வண்டியில் அல்லது ஆட்டோவில். ஆட்டோவில் பின்னால் பெல்ட்டே இல்லை. வாடகைக் காரில் சைல்டு சீட் வைத்திருப்பவரைக் காண்பது அரிது. இரு சக்கர வண்டிக்கு 2022 பிப்ரவரியில் விதி வந்தது. 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும். 9 மாதம் முதல் ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது. 2023 பிப்ரவரி முதல் இது அமலில் இருக்கிறது. அப்படி ஒரு விதி இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

விதி வலியது என்பார்கள் சிலர். 2024 டிசம்பரில் பெங்களூரை அடுத்த நெலமங்கலாவில் கன்டெய்னர் லாரி கவிழ்ந்து விழுந்ததில், பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற காரில் போன குடும்பத்தினர் ஆறு பேர் மாண்டதைச் சுட்டிக்காட்டுவார்கள். அத்தகைய விபத்தில் எந்தப் பெல்ட்டும் உதவாதுதான். ஆனால் எல்லா விபத்தும் அப்படி அல்ல. 2022-ல் நாட்டில் நடந்த சாலை விபத்துகளில் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 8,331 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, பயணிகள்.

காருக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து வாங்குவோர் இன்று அதிகம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு, மொத்தம் 49. அந்த மதிப்பெண் எப்படிக் கிடைக்கிறது? ஒன்றரை வயது, 3 வயதுக் குழந்தைகளின் அளவில் செய்த பொம்மைகளைச் சைல்டு சீட்டில் கட்டி வைத்து மோதிப் பார்க்கிறார்கள். சீட் இல்லாத குடும்பத்துக்கு அந்த நட்சத்திரங்கள் வெறும் அலங்காரம்.

செய்ய வேண்டியவை சிலவே. குழந்தையின் இடம் எப்போதும் பின் சீட். கைக்குழந்தையின் சீட் காரின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் அதை ஒருபோதும் பொருத்தக்கூடாது. ஓரளவு வளர்ந்த குழந்தைக்கு முன்பக்கம் பார்த்த சீட், அதன் பிறகு பூஸ்டர். வாங்கும்போது ஏ.ஐ.எஸ். 072 என்ற இந்தியத் தர முத்திரையோ அதற்கு இணையான ஐரோப்பிய முத்திரையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விபத்தில் சிக்கிய பழைய சீட் வேண்டாம். விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. சன்ரூஃபுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல சீட்டே வாங்கிவிடலாம்.

முதல் சில நாட்கள் குழந்தை அழும். தடுப்பூசி போட்டபோதும் அழுதது. அதற்காக யாரும் ஊசியை நிறுத்தவில்லை.