எழுதி வாங்கிய காகிதம்

"ரெண்டு வெள்ளைப் பேப்பர் வாங்கிட்டு வாங்கம்மா" என்றார் மகளிர் ஸ்டேஷன் வாசலில் இருந்த பெண் காவலர். எதிரே பெட்டிக்கடையில் வாங்கி வந்தேன். என்னோடு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இடது கண் பாதி மூடிக்கிடந்தது. உள்ளே அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ என்னம்மா பேசின, அவரு கை நீட்டுற அளவுக்கு?"

கணவரை வரவழைத்தார்கள், அதட்டினார்கள். பிறகு ஒரு தாளில் கணவர் எழுதினார்: 'இனிமேல் குடித்துவிட்டு அடிக்க மாட்டேன், ஒழுங்காகக் குடும்பம் நடத்துவேன்.' மறு தாளில் மனைவி எழுதினார்: 'சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை வேண்டாம்.' கையில் மனு ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். சி.எஸ்.ஆர். என்பார்களே, அதுதான். வீட்டுக்கு வந்ததும் அதை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு இருந்தன.

1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தபோது, பெண்கள் கூச்சமில்லாமல் படியேற ஓர் இடம் கிடைத்தது. அது பெரிய காரியம், மறுக்க மாட்டேன். ஆனால் படியேறியவருக்கு அங்கே என்ன கிடைக்கிறது? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். ஏறக்குறைய ஐந்தில் இருவர்.

போலீஸ் பக்கமும் சங்கடம் உண்டு. போக்சோ வழக்கு, பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி என எல்லாவற்றுக்கும் அதே சில பேர்தான். மனைவியைக் கொடுமைப்படுத்தும் வழக்குகளில் (அப்போது 498-ஏ) எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வருகிற பெண்களிலும் பலர், "அவரை உள்ள தள்ள வேண்டாம் மேடம், அடிக்காம இருந்தா போதும்" என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த வேண்டுகோளுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அடி மட்டுமல்ல, வசைச்சொல்லும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் அதில் வன்முறைதான். மனைவிக்கு மட்டுமல்ல, மகன் அடிக்கும் தாய்க்கும் அது உதவும். புகார் பெறும் காவல் அதிகாரி அந்தப் பெண்ணிடம், உதவ பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவசச் சட்ட உதவி உண்டு, மாஜிஸ்திரேட்டிடம் நிவாரணம் கேட்கலாம், கிரிமினல் புகாரும் கொடுக்கலாம் என்று சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அதன் 5-வது பிரிவு. அன்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இதில் ஒரு வாக்கியம்கூட எங்கள் காதில் விழவில்லை.

கவுன்சலிங்குக்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட பிறகு, முறைப்படி. 'அவள் அப்படிப் பேசினாள், அதனால் அடித்தேன்' என்று நியாயம் சொல்ல கணவரை அனுமதிக்கவே கூடாது என்று விதி சொல்கிறது. ஸ்டேஷனிலோ பேச்சே அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டேஷன் காகிதத்தையும் மாஜிஸ்திரேட் தரும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டேஷனில் எழுதிய உறுதிமொழியை மீறினால் இன்னொரு உறுதிமொழி. மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். அதற்கு ஜாமீனும் எளிதல்ல. அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை, மாதச் செலவுக்குப் பணம், அவசரமானால் எதிர்த்தரப்பு வராமலேயே இடைக்கால உத்தரவு, எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். இழுத்தடிப்பதும் நடக்கிறது, ஆனாலும் இடைக்கால உத்தரவுக்கே வீட்டுக்குள் ஒரு பலம் உண்டு.

நான்காவது முறை அடி விழுந்தபோது 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு போன் செய்தோம். மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பாதுகாப்பு அலுவலர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தெந்தத் தேதியில் என்ன நடந்தது என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தேதி எதுவும் நினைவில்லை. கைப்பையைத் திறந்து மடித்து வைத்திருந்த மூன்று ரசீதுகளையும் மேஜைமேல் வைத்தார். அலுவலர் அவற்றை நீவி விரித்து, ஒவ்வொரு தேதியாகப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.