மழை பெய்த மறுநாள் குழாய் ஏன் வறண்டது?

மூன்று நாள் விடாத மழை. பெடாஸ் கடைத்தெருவில் கால்வாய்கள் நிரம்பி வழிந்தன. நான்காம் நாள் காலையில் குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"வானம் பொத்துக்கிட்டு ஊத்துது, குழாயில தண்ணி இல்லையாம். இது என்னடா கூத்து?" என்றார் அம்மா. வயது எண்பத்தொன்று. ஐம்பது வருடம் தோட்டத்தில் பால் வெட்டியவர். லயத்தில் இருந்தபோது ஆற்றில் குளித்து, ஆற்றிலேயே துணி துவைத்தவர். தாமானுக்குக் குடிவந்த பிறகுதான் "தண்ணி இல்லை" என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறார்.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது.

மலேசியாவின் குடிநீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஆறுகளிலிருந்தும், அவற்றைத் தேக்கிய அணைகளிலிருந்தும் வருகிறது. ஆற்று நீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இறைத்து, படிகாரம் போன்ற மருந்து கலந்து, சேற்றைத் திரட்டி அடியில் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். ஆறு தேநீர் நிறத்தில் வந்தால் மருந்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். பால் கலந்த மைலோ போல் வந்தால் மணல் அடைத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் கலங்கினால் இறைக்கும் பம்பை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஆற்றில் தண்ணீருக்குக் குறைவிருக்காது, ஆனால் அது குடிக்கும் தண்ணீர் அல்ல. குழாயை வறளவைத்தது மழை அல்ல, மண்.

அந்த மண் எங்கிருந்து வருகிறது? பெடாஸ் இருப்பது ரெம்பாவ் மாவட்டத்தில், லிங்கி ஆற்றுப் படுகையில். சிரம்பான் பக்கமிருந்து வரும் லிங்கி ஆறும், நம் பக்கத்து ஓடைகளை வாங்கிக்கொண்டு வரும் ரெம்பாவ் ஆறும் ஒன்றுகூடி மலாக்கா நீரிணையில் விழுகின்றன. ஒரு காலத்தில் சுங்கை ஊஜோங் ஈயம் இந்த ஆற்று வழியாகத்தான் படகில் மலாக்காவுக்குப் போனது. யார் சுங்கம் வாங்குவது என்று 1870-களில் அடிதடியே நடந்திருக்கிறது. 1891-ல் சிரம்பான் - போர்ட்டிக்சன் ரயில் ஓடத் தொடங்கியதும் படகுகளுக்கு வேலை குறைந்தது. ஆற்றை நாம் மறந்த கதை அங்கேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

பிறகு ரப்பர் வந்தது. இந்த இடத்தில் நம்மவர்களின் கையும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆரம்பகாலத் துரைமார்களுக்குத் தோட்டம் பெருக்கிய வாசல்போல் இருக்க வேண்டும், ஒரு புல் தலைகாட்டக் கூடாது. அதற்காக நம் பாட்டன் பாட்டிகள் வெளிக்காட்டில் குனிந்து மண்வெட்டியால் செதுக்கிக்கொண்டே இருந்தார்கள். செதுக்கிய மேல்மண்ணை ஒவ்வொரு மழையும் ஓடைக்குக் கொண்டுபோனது. தோட்டத்தின் உரச்சத்து ஆற்றுக்குப் போகிறது என்று முதலாளிகளுக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1920, 30-களுக்குப் பிறகுதான் மண்ணை மூடும் கொடிகளை ரப்பர் மரங்களுக்கிடையே வளர்க்கும் வழக்கம் பரவியது. இன்றும் செம்பனை மறுநடவு முடிந்த இடங்களில் பச்சைப் போர்வைபோல் படரும் அவரை இனத்துக் கொடிகளைப் பார்த்திருப்பீர்கள். மண்ணைப் பிடித்து வைப்பதுதான் அவற்றின் முதல் வேலை.

குடிநீர் நின்ற அந்த வாரம், மழை விட்டதும் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு பழைய தோட்டத்து ஓடைக்குப் போனேன். பெரியப்பா வெளிக்காட்டு மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி, ஆனால் தோட்டம் என்றால் வலி தெரியாது.

ஓடையின் அகலம் நான்கு மீட்டர்தான். கரையின் விளிம்புவரை செம்பனை. இரண்டு மரங்கள் வேரோடு ஓடைக்குள் சாய்ந்து கிடந்தன. செம்பனையின் வேர் நார்நாராகப் பரவும். அரிக்கும் கரையைக் கவ்விப் பிடிக்க அதனால் முடியாது.

"கித்தாக் காலத்துல இங்க காடு இருந்துச்சு. கரையோரம் ஒரு வரிசை காட்டு மரத்தை விட்டு வெச்சிருந்தாங்க. செம்பனை போட்டப்ப தள்ளிட்டாங்க. இரண்டு வரிசை கூட நடலாம்னு கணக்குப் போட்டாங்க" என்றார்.

அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில் ஆற்றின் அகலத்துக்கேற்ப ஒதுக்க வேண்டிய நிலம் சொல்லப்பட்டிருக்கிறது. 5 மீட்டருக்குக் குறைந்த ஓடை என்றால் ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர். 5 முதல் 10 என்றால் 10 மீட்டர், 10 முதல் 20 என்றால் 20, 20 முதல் 40 என்றால் 40. அதற்கு மேல் 50 மீட்டர். எங்கள் ஓடைக்கு இரு கரையும் சேர்த்து 10 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஹெக்டர், அதாவது சுமார் 140 செம்பனை மரம். ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டத்தில் இது மோர்க்குழம்பில் ஒரு கரண்டி. பெரிய ஆறுகளுக்குத்தான் கணக்கு கனக்கிறது. 12 மீட்டர் அகல ஆறு என்றால் கிலோமீட்டருக்கு 4 ஹெக்டர் போகும்.

வழிகாட்டி வேறு, சட்டம் வேறு. மாநில அரசு அரசிதழில் அறிவித்தால்தான் அது சட்டப்படி ஆற்று ஒதுக்கு நிலம் ஆகும். நிலமும் காடும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. 2020 தொடக்கத்திலிருந்து எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசியச் செம்பனைச் சான்றிதழ் கட்டாயமானதால், ஆற்றோரத்தைக் காப்பது தோட்டங்களின் பொறுப்புகளில் ஒன்றாகியிருக்கிறது. அதனால்தான் சில தோட்டங்களில் கரையோரச் செம்பனைகளின் உடலில் பெயிண்ட் கோடு பார்க்கிறோம். அந்தக் கோட்டுக்கு அப்பால் மருந்து அடிக்கக் கூடாது, உரம் போடக் கூடாது என்று அர்த்தம்.

கரையில் மரம் இருந்தால் அப்படி என்ன நடந்துவிடும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 1980-களில் பெரெம்புன் வனக் காப்பகத்தில் மூன்று சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளை அருகருகே வைத்து ஆராய்ந்தார்கள். ஒன்றைத் தொடவே இல்லை. ஒன்றில் வழக்கமான முறையில் மரம் வெட்டினார்கள். மூன்றாவதில் கண்காணிப்போடு வெட்டினார்கள், ஓடையோரம் 20 மீட்டர் காட்டைத் தொடாமல் விட்டார்கள். வெட்டிய இரண்டிலும் ஓடையில் தண்ணீர் கூடியது, குறையவில்லை! மரமும் தண்ணீர் குடிக்கும் அல்லவா? ஆனால் வழக்கம்போல் வெட்டிய இடத்தில் நீர் பல மடங்கு கலங்கியது. கரைக்காட்டை விட்டு வைத்த இடத்தில் கலங்கல் அதைவிட வெகுவாகக் குறைவு.

"காடு இருந்தால் தண்ணீர் பெருகும்" என்று மேடையில் பேசுகிறோமே, அது முழு உண்மை அல்ல. காடு தருவது அளவை அல்ல, தரத்தை. மழையை மெதுவாக மண்ணுக்குள் இறக்கி, தெளிந்த நீராகக் கசியவிடுகிறது. 1991-ல் பக்கத்து மலாக்காவில் டுரியான் துங்கால் அணை வறண்டு ஊரே லாரித் தண்ணீருக்கு நின்றது. 2014 பிப்ரவரியில் நம் மாநிலமே நீர் நெருக்கடியை அறிவித்தது. அணை மட்டும் போதாது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் பணமாகவே பார்த்த ஊரும் உண்டு. நியூயார்க் நகரம் 1997-ல் ஒரு முடிவெடுத்தது. 600 கோடி டாலருக்கு மேல் செலவாகும் வடிகட்டும் நிலையத்தைக் கட்டுவதற்குப் பதில், சுமார் 150 கோடி டாலரில் தண்ணீர் பிறக்கும் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் நிலம் வாங்கி, ஆற்றோரங்களைக் காத்து, மாடு வளர்க்கும் விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டது. நம் நாட்டிலும் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் தரும் திட்டம் 2019 வரவு செலவுத் திட்டத்தில் 6 கோடி வெள்ளியோடு தொடங்கியது. 2025-க்கு அது 25 கோடி. மரம் வெட்டி வரும் வருமானத்தை எதிர்பார்க்கும் மாநிலங்களுக்கு இது போதுமா என்பது வேறு பேச்சு.

இனி எங்கள் சொந்தக் கதை. ஓடைக்கரையில் எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் கோயில் நிர்வாகத்தில் இளைஞர்கள் சிலர் கரையில் மரம் நடலாம் என்றார்கள். 140 கன்றுகள் வாங்கினோம். வேம்பும் அரசும்தான் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம். முதல் வெள்ளத்திலேயே வேம்பு எல்லாம் வாடிப்போனது. வேர் ஊறிக் கிடந்தால் வேம்பு தாங்காது. அரச மரத்தை நட்ட இடம் கோயில் சுவருக்கு நான்கடி, பிறகு நாங்களே பிடுங்கினோம். மிச்சத்தைப் படர்கொடிகள் ஏறி அமுக்கிவிட்டன. நட்டு, புகைப்படம் எடுத்து, பேப்பருக்கு அனுப்பியதோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோமே, அதற்குக் கிடைத்த கூலி.

சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றங்கரையில் கிராமத்துப் பெண்களே நாற்றங்கால் வைத்து, பல ஆண்டுகளாகக் கரைக்காட்டை மீட்டு வருகிறார்கள். அங்கே படித்த பாடம் ஒன்றுதான்: நடுவது ஒரு நாள் வேலை, களை எடுப்பது இரண்டு மூன்று வருட வேலை.

இரண்டாம் முறை உள்ளூர் மரங்களைக் கேட்டு விசாரித்து நட்டோம். அதில் காப்பிஸ் ஒன்று. ஓடையோரத்தில் தானாக வளரும் மரம், ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அது நம் அசோக மரத்தின் நெருங்கிய உறவு என்று சொன்னதும் பெரியவர்கள் முகம் மலர்ந்தது. "சீதை உட்கார்ந்த மரமா? அப்ப கோயிலுக்கு ஆகும்" என்றார் தலைவர். கரை சரியும் இடத்தில் வெட்டிவேர் வைத்தோம். ஞாயிறுதோறும் முறைவைத்துக் கொடி அறுக்கிறோம். இப்போது 63 மரம் நிற்கிறது.

தோட்டத்தில் அடுத்த வருடம் மறுநடவு. பழைய செம்பனையைத் தள்ளி, புதுக்கன்று வேர் பிடிக்கும்வரை மாதக்கணக்கில் நிலம் மொட்டையாகக் கிடக்கும். அக்டோபர், நவம்பர் மழை அந்த நேரத்தில் பிடித்தால், இந்த ஓடை குழம்பு குழம்பாக ஓடும். கரையோரம் இருக்கும் இரண்டு வரிசையை இந்த முறை நடாமல் விடுவார்களா? குத்தகைக்காரரின் மண்வாரி எந்த இடத்தில் நிற்கும்? நிர்வாகத்துக்குக் கோயில் சார்பில் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

போன ஞாயிறு கொடி அறுக்கப் போனபோது பெரியப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். ஓடைக்கு மேற்கே சில செம்பனைகளின் உடலில் புதிதாகச் சிவப்பு பெயிண்ட் கோடு. ஈரம்கூடக் காயவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு கரையோரமாகவே நடந்து ஒவ்வொரு மரமாக எண்ணினார். கோயில் வரைக்கும் பதினேழு மரம். கோயிலுக்கு அப்பால் கோடு இல்லை.

"அந்தப் பக்கம் நாளைக்கு அடிப்பானுங்களா இருக்கும்" என்றார் பெரியப்பா. நான் கைப்பேசியில் பதினேழையும் படம் எடுத்துக்கொண்டேன்.