பபூனுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்

தமிழக அரசின் எந்த ஆணையை எடுத்தாலும் தலைப்பில் ஒரு கோபுரம் நிற்கும். அது ஆண்டாள் கோயில் கோபுரம்தான் என்பதில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது. மதுரை மேலக்கோபுரம் என்பாரும் உண்டு. அந்த வாதம் இந்த ஊரில் எடுபடாது. அந்தக் கோபுர முத்திரை வந்த 1949-இல் மாகாணத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் பக்கத்து ராஜபாளையத்துப் பி.எஸ்.குமாரசாமி ராஜா. கோபுரத்தின் கீழே 'வாய்மையே வெல்லும்' என்று எழுதியிருக்கிறதே, அதைச் சிரிக்கச் சிரிக்கச் சோதித்துப் பார்க்கும் இடம் ஒன்று இந்த வட்டாரத்தில் இருந்தது. திருவிழா மேடை.

ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'வள்ளி திருமணம்' தொடங்கும் முன்பே பபூன் வந்துவிடுவார். ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார், ஆட்டக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார், அப்படியே பேச்சு ரேஷன் கடைக்கும் தாலுகா ஆபீசுக்கும் நழுவும். நடிகர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் அன்றிரவே கூடி ஆடும் நாடகம் இது. அதனால் பபூன் வசனம் எந்தத் தாளிலும் கிடையாது. வந்த ஊரின் குறையை விசாரித்து, அதை அன்றே மேடையில் சேர்த்துவிடும் கெட்டிக்காரர்கள் உண்டு. 'பரிசீலனையில் உள்ளது' என்று அதிகாரி குரலில் அவர் நீட்டி முழக்கினால் போதும், மனு கொடுத்து அலுத்த பெண்கள்தான் முதலில் சிரிப்பார்கள். அறிக்கை சொல்வதும் தெருவில் நடப்பதும் வேறு வேறு என்று ஊரே ஒன்றாக ஒப்புக்கொள்ளும் நேரம் அது.

அரசாங்கங்கள் இந்தச் சிரிப்பின் பலத்தை நன்றாகவே அறிந்திருந்தன. 1876-இல் வெள்ளைக்காரர்கள் நாடகச் சட்டம் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1954-இல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒன்று போட்டது, எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் பட்ட பாடு ஊரறிந்தது. கேலிக்கு ஆளாகும் அதிகாரத்திடமே நாடகப் பிரதியைக் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில் 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பிரிவுகளை ரத்து செய்தது.

சினிமா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கட்சி மாறி வந்தவர்களையெல்லாம் துணைப் பிரதமராக்கிய சோவின் 'முகமது பின் துக்ளக்', ஒற்றை ஓட்டுக்காக ஊரே ஒரு முடிதிருத்துபவரிடம் மண்டியிட்ட 'மண்டேலா' எல்லாம் அருமையான படைப்புகள். பக்கத்துக் கோவில்பட்டிச் சீமையின் வறட்சியை வைத்துக் கோமல் சுவாமிநாதன் எழுதிய 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை பாலசந்தர் 1981-இல் படமாக்கினார். தாங்களே வாய்க்கால் வெட்டப் புறப்பட்ட ஜனங்களை, அனுமதி வாங்கவில்லை என்று அதிகாரிகள் தடுக்கும் கட்டம் இன்றும் சுடுகிறது. ஆனாலும் படத்தின் அத்திப்பட்டி ஒரு கற்பனை ஊர். உங்கள் தெருக் குழாயைப் பற்றி எந்தப் படமும் பேசாது. பபூன் பேசுவார்.

என் கவலை இதுதான். நாடகம் நடந்த பல மேடைகளில் இப்போது ஆடல் பாடல். அதற்கு நீதிமன்றம் வழியே அனுமதி வாங்கும்போது, ஆபாசம் கூடாது என்பதோடு, எந்த அரசியல் கட்சியையும் மதத்தையும் சாதியையும் தொடக்கூடாது என்றும் நிபந்தனை வருகிறது. சாதிச் சண்டையைத் தடுக்க அது தேவைதான். பபூன் பேச்சில் இரட்டை அர்த்தமும் பெண்களை மட்டம் தட்டுவதும் மலிந்திருந்தன என்ற குறையும் நியாயமே. ஆனால் நாடகம் வைக்கும் விழாக் கமிட்டிகளும் பயந்துபோய், கட்சியே சம்பந்தப்படாத குடிநீர், பட்டா, முதியோர் பென்ஷன் பேச்சைக்கூட 'வேண்டாம் அண்ணே, வம்பு' என்று முன்கூட்டியே நிறுத்திவிடுகின்றன. சட்டப் பிரிவுகள் ஒழிந்த பிறகும் தணிக்கை மேடைக்குப் பின்னால் நடக்கிறது.

இந்த வட்டாரத்து விழாக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோயில் கொடைக்கு ஒரு ராத்திரியாவது ஸ்பெஷல் நாடகம் வையுங்கள். சாதியும் ஆபாசமும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லுங்கள். மற்றபடி என்ன பேசப் போகிறார் என்று பபூனிடம் கேட்காதீர்கள்.